மியாவடி மின்ஜி ஊ சாவின் யோதயா பாடல்கள்

கேள்வி: பர்மிய அரசவை இசையமைப்பாளரான மியாவடி மின்ஜி ஊ சா (1766–1853) இயற்றிய யோதயா (சயாமுக்கு, அதாவது இன்றைய தாய்லாந்துக்கு, பர்மியர் இட்ட பெயர்) பாடல்கள் சயாமிய இசையின் நேரடித் தழுவல்களா, அவருடைய சொந்த ஆக்கங்களா?

மறுமொழி 1: 1767-இல் சயாமின் தலைநகர் அயுத்தியா பர்மியரிடம் வீழ்ந்தபின் சிறைபிடித்துக் கொண்டுவரப்பட்ட சயாமியக் கலைஞர்கள் வழியே அரசவைக்கு வந்த மெட்டுகளிலிருந்துதான் அவர் தொடங்கினார், ஆயினும் இராமாயண நாடகத்தையும், இனாவ் என்னும் சாவக இளவரசனின் கதை நாடகத்தையும் பர்மியமாக்கி, அவற்றுக்குரிய பாடல்களைத் தம் மொழியின் செய்யுள் நயத்தோடு எழுதியவரை வெறும் தழுவலாளர் என்பது பெரும் அநீதி.

மறுமொழி 2: உடன்படுகிறேன். சவுங் என்னும் வளைந்த யாழின் நரம்புகளை 13 ஆகப் பெருக்கியவராகவும் அவரே போற்றப்படுகிறார். ஒலியெல்லை அவ்வாறு விரிந்தது புதிய மெட்டுகளுக்கு வழிவிட்டிருக்கும்.

கேள்வி கேட்டவர்: நன்றி. அவர் படைத்தலைவராகவும் இருந்தாரா?

மறுமொழி 1: ஆம், முதல் ஆங்கில–பர்மியப் போரில் (1824–26) மேற்குப் பர்மாவின் அரக்கான் முனையில் படை நடத்தியவர் அவர்.