‘தேன் கொள்ளை’ சரியான சொல்லா? பூவைத் துளைத்துத் தேனெடுக்கும் தேனீக்களுக்கான கலைச்சொல்

> பூவின் வாய் வழியே போகாமல் அடியில் துளையிட்டு உறிஞ்சுவதைத் ‘தேன் கொள்ளை’ எனலாம். அப்படிச் செய்யும் தேனீயை ‘ஏமாற்றுத் தேனீ’ எனலாம்.

வணக்கம் ஐயா. இரண்டு சொற்களும் கேட்டவுடன் புரிகின்றன, ஆனால் இரண்டுக்கும் ஏற்கெனவே வேறு வேலை இருக்கிறது. வலுக்குறைந்த பெட்டிக்குள் அயல் கூட்டத்துத் தேனீக்கள் புகுந்து அடையிலுள்ள தேனை அள்ளிப்போவதைத்தான் தேனீ வளர்ப்போர் கொள்ளை என்கிறார்கள். பூவில் சுரப்பதும் தேன், அடையில் இருப்பதும் தேன் என்று நாம் வழங்குவதால் இந்தக் குழப்பம் தானாகத் தீராது. முதலில் பூவில் சுரப்பதைப் ‘பூந்தேன்’ என்று பிரித்து எழுதுவோம்.

‘ஏமாற்று’ இன்னும் சிக்கல். மகரந்தச் சேர்க்கையில் ஏமாற்றுவது பல நேரம் பூதான். சில ஆர்க்கிட் பூக்கள் பெண் பூச்சியின் மணத்தைக் காட்டி ஆண் பூச்சியை இழுக்கின்றன, தேன் ஒரு துளியும் தருவதில்லை. அந்தச் சொல்லை அதற்கே விட்டுவிடலாம்.

1980இல் சூழலியல் அறிஞர் டேவிட் இனோயே இந்தச் செயல்களை வகை பிரித்துப் பெயரிட்டார். அந்தப் பிரிவைத் தமிழிலும் காப்பாற்ற வேண்டும். தானே துளையிடுவது ஒன்று, பிறர் இட்ட துளையைப் பயன்படுத்துவது ஒன்று. வாய் வழியாகவே நுழைந்தும், உடல் அளவு பொருந்தாததால் மகரந்தப்பையையோ சூல்முடியையோ தொடாமல் திரும்புவது இன்னொன்று. இதழ்கள் ஒட்டாத பூவில், அடியில் இதழ்களுக்கு நடுவே நாக்கை நுழைப்பது நான்காவது.

பொதுப்பெயராக ‘மலர்க்களவு’ வைக்கலாம். முதல் வகைக்கு நம்மிடம் அச்சாகப் பொருந்தும் சொல்லே இருக்கிறது: கன்னம் வைத்தல். வாசலை விட்டுச் சுவரைத் துளைத்துப் புகுவதுதானே அது. ஆக, செயல் ‘கன்னமிடல்’, துளை ‘கன்னத்துளை’. இரண்டாவது ‘பழந்துளைக் களவு’, மூன்றாவது ‘வாயில்வழிக் களவு’, நான்காவது ‘இதழிடைக் களவு’.

———

> முதல் வகைக்கு நம்மிடம் அச்சாகப் பொருந்தும் சொல்லே இருக்கிறது

ஐயா, ‘கன்னமிடல்’ எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. ஒரு எச்சரிக்கை மட்டும்: ‘தேன்கன்னம்’ என்று யாரும் சுருக்கிவிடக் கூடாது, மாணவர் முகத்திலுள்ள கன்னத்தைத்தான் நினைப்பார்.

அதைவிட முக்கியமானது, பெயர் செயலுக்கு இருக்கட்டும், தேனீ இனத்துக்கு வேண்டாம். தச்சுத் தேனீயை எடுத்துக்கொள்ளுங்கள். கத்தரிப் பூவின் மகரந்தப்பை நுனியில் சிறு துளைதான் உண்டு. தச்சுத் தேனீ பூவைப் பற்றிக்கொண்டு பறக்கும் தசைகளை அதிரவைக்கும், மகரந்தம் உப்புக் குடுவையிலிருந்து கொட்டுவதுபோல் கொட்டும். மலைத்தேனீ, அடுக்குத் தேனீ போன்ற தேன் தேனீக்களால் இப்படி அதிர்த்து உதிர்க்க முடியாது. அதே தச்சுத் தேனீ நீண்ட குழல் பூவுக்குப் போனால் வாயுறுப்பின் கூர்முனையால் அடியில் கீறிக் கன்னமிடுகிறது. பாஷன் பழப் பூவில் பார்த்தால் நிலைமை தலைகீழ்: அங்கே உதவுவது தச்சுத் தேனீ. உடல் சிறிதான தேன் தேனீ மகரந்தத்தை வழித்துக்கொண்டு, உயரத்திலுள்ள சூல்முடியைத் தொடாமலே போய்விடும். இதற்கு ‘மகரந்தக் களவு’ என்று தனிச்சொல் வேண்டும்.

வரையறையில் ‘செடிக்குத் தீங்கு’ என்று எழுதாதீர்கள். அமெரிக்காவின் கொலராடோ மலைகளில் இபோமோப்சிஸ் என்ற குழல் பூச் செடியின் பூக்களைப் பம்பிள் தேனீக்கள் கன்னமிட்டுவிட்டால், ஹம்மிங் பறவைகள் அவற்றைத் தவிர்க்கின்றன, விதை குறைகிறது. வேறு செடிகளில், பூந்தேன் குறைந்ததால் உதவும் தேனீ சீக்கிரமே அடுத்த செடிக்குப் பறந்து அயல் மகரந்தச் சேர்க்கை கூடவும் செய்யலாம். சூலகம் சிதையாமல் துளை மேலே விழுந்ததா என்பதும் விளைவை மாற்றும்.

———

இரண்டையும் ஏற்கிறேன் அம்மா. கன்னமிடலுக்கு வரையறை இப்படி: ‘பூவின் வாய் வழியல்லாமல், துளையிட்டுப் பூந்தேன் எடுத்தல்.’ விளைவைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை.

சொல்லைக் களத்தில் பயன்படுத்துவோருக்கு ஒரு குறிப்பும் சேர்க்க வேண்டும், இல்லாவிட்டால் பூவில் கண்ட ஓட்டையெல்லாம் கன்னத்துளை ஆகிவிடும். புழு கடித்த ஓட்டை பெரும்பாலும் இதழ் விரிந்த பகுதியிலோ விளிம்பிலோ இருக்கும். கன்னத்துளை தேன் தேங்கும் அடிப்பகுதியை ஒட்டியே இருக்கும். தச்சுத் தேனீயுடையது நீளக் கீறல், பம்பிள் தேனீ தாடையால் கடித்தது ஒழுங்கற்ற ஓட்டை. பழந்துளைக் களவைப் பிரித்தறிய, மொட்டிலேயே வலைப்பை கட்டி, மலர்ந்ததும் துளை இல்லை என்று உறுதிசெய்துகொண்டு பையைக் கழற்ற வேண்டும். பிறகு முதலில் வருவது யார், துளை எப்போது விழுந்தது என்று பார்க்கலாம். பையைக் கழற்றத் தாமதமானால் மகரந்தச் சேர்க்கையே நடக்காமல் போகும், காய் குறைந்ததற்குக் களவைக் காரணமாகத் தவறாக எழுதிவிடுவோம்.

‘இதழிடைக் களவு’ மட்டும் எனக்கு நிறைவில்லை. ‘டெலிஷியஸ்’ வகை ஆப்பிள் பூவில் தேன் தேனீ இதழ்மேல் நின்றபடி பக்கவாட்டில் நாக்கை நுழைக்கிறது. ஆனால் அது நுழைவது மகரந்தக் காம்புகளின் இடைவெளியில், இதழ்களின் இடைவெளியில் அல்ல. ‘இடுக்குக் களவு’ என்றால் இரண்டும் அடங்கும். மாற்றுக் கருத்து இல்லையென்றால் பட்டியலில் அதையே ஏற்றிவிடுகிறேன்.