மறு: காயில் தடை பார்க்கும் அடாப்டருக்குத் தமிழ்ச்சொல்

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

> இங்கிலாந்தில் மின்சிகரெட் காயிலின் (உள்ளே சூடாகும் கம்பிச்சுருளின்) தடையை மல்டிமீட்டரில் பார்க்க வீட்டிலேயே அடாப்டர் செய்துகொள்கிறார்கள். அந்தச் செய்முறையைத் தமிழில் எழுதுகிறேன். 'தடைச் சோதனைத் தகவி' சரியா?

அடாப்டருக்குத் 'தகவி' சரி. கணினிக்காரர்கள் ஏற்கெனவே புழங்கும் சொல், அப்படியே இருக்கட்டும். 'தடைச் சோதனை'தான் எனக்கு உறுத்துகிறது. தடையைப் பார்க்க மல்டிமீட்டரே போதுமே, தகவி எதற்கு என்று படிப்பவர் கேட்பார். அந்தக் கேள்விக்கான பதில் பெயரிலேயே இருக்க வேண்டும்.

மீட்டரின் இரண்டு முனைகளையும் ஒன்றோடொன்று தொட்டுப் பாருங்கள். பெரும்பாலும் சுழியம் காட்டாது, 0.2, 0.3 ஓம் என்று ஏதாவது காட்டும். கம்பியின் தடையும் தொடும் இடத்தின் தடையும் சேர்ந்த கணக்கு அது. 10 கிலோஓம் தடையத்தை அளக்கும்போது இது ஒரு பொருட்டே இல்லை. காயிலே 0.2 ஓம்தான் என்றால்? மீட்டர் 0.5 காட்டும். முழுக்க சார்ஜ் ஏறிய லித்தியம் மின்கலம் 4.2 வோல்ட். 0.5 என்று நம்பிக் கணக்குப் போட்டால் 8.4 ஆம்பியர், உண்மையில் ஓடப்போவது 21 ஆம்பியர். பாதுகாப்புச் சுற்று இல்லாத கருவியில் 10 ஆம்பியர் மட்டுமே தாங்கும் மின்கலத்தைப் போட்டவருக்கு அது ஆபத்து. முனைகளைத் தொட்டு வந்த எண்ணைக் கழித்துக்கொள்ளலாமே என்பார்கள். அழுத்திப் பிடிக்கும் விதத்துக்கு ஏற்ப அந்த எண்ணே மாறுகிறது.

இதற்கு வழி சொன்னவர் கெல்வின் பிரபு, 1861-இல். மின்னோட்டம் போக இரண்டு கம்பி, மின்னழுத்தம் பார்க்க வேறு இரண்டு கம்பி. வோல்ட்மீட்டர் வழியே ஓட்டம் அநேகமாக இல்லை, அதனால் அந்தக் கம்பிகளின் தடை கணக்கில் வராது. தகவியும் இதைத்தான் செய்கிறது. பழுதான கருவியிலிருந்து 510 மரை இணைப்பியை (காயில் பகுதியைத் திருகி மாட்டும் இடத்தை) கழற்றி, நடு ஊசியில் இரண்டு கம்பி, வெளி மரைக்குழலில் இரண்டு கம்பி சால்டர் வைக்கிறார்கள். எல்எம்317 என்ற மின்னழுத்தச் சீராக்கி ஐசியோடு 12 ஓம் தடையம் சேர்த்தால் ஏறத்தாழ 104 மில்லிஆம்பியர் மாறாமல் வரும். 0.2 ஓம் காயிலுக்கு மீட்டரில் 20.8 மில்லிவோல்ட். இவ்வளவு சிறிய ஓட்டத்தில் காயில் சூடாவதும் இல்லை. மரை தொடும் இடத்தின் தடை மட்டும் இதிலும் சேரும். கருவியில் மாட்டும்போதும் அது இருக்கத்தான் போகிறது.

ஆகவே என் பரிந்துரை: நாற்கம்பித் தகவி. நாற்காலி, நாற்கோணம் போல வாயில் எளிதாக வரும். முறைக்கு 'நாற்கம்பி அளவீடு', சாதாரண முறைக்கு 'இருகம்பி அளவீடு'. இந்தியாவில் 2019 சட்டப்படி மின்சிகரெட் விற்பனைக்கே தடை இருப்பதால், சொல்லை அதோடு கட்டிப்போடாமல் இருப்பதும் நல்லது. பெரிய மோட்டாரின் சுற்றுக்கம்பியை அளப்பவருக்கும் இதே சொல் வேண்டும்.

> 'கெல்வின் தகவி' என்றே வைக்கலாமே?

கெல்வின் என்றதும் நம் மாணவர்களுக்கு வெப்பநிலைதான் நினைவுக்கு வரும். சூடாகும் பொருளைப் பற்றிய கட்டுரையில் அந்தக் குழப்பம் வேண்டாம். அவர் பெயரைச் செய்முறையின் முதல் பத்தியில் சொல்லிவிடுங்கள்.

> உள்ளே உள்ள கம்பிகளுக்கு?

ஓட்டக் கம்பி, அழுத்தக் கம்பி. 'உணர்கம்பி' என்று முன்பு ஒருவர் எழுதியிருந்தார். எதை உணர்கிறது என்று தெரியவில்லை. காயிலுக்கு வெறும் 'சுருள்' வேண்டாம், தூண்டுசுருளோடு (இண்டக்டர்) குழம்பும். 'சூட்டுச்சுருள்' எழுதிப் பாருங்கள்.

ஒரு வாக்கியத்தில் வைத்துப் பார்த்தேன்: "சூட்டுச்சுருளை நாற்கம்பித் தகவியில் திருகி, ஓட்டக் கம்பிகளுக்கு மின்சாரம் கொடுத்து, அழுத்தக் கம்பிகளை மீட்டரில் செருகவும்." எனக்குத் தடங்கல் இல்லாமல் ஓடுகிறது. இலங்கை நண்பர்கள் அங்கே பாடநூலில் வேறு சொல் இருந்தால் சொல்லுங்கள், சேர்த்தே பதிவு செய்வோம்.