டர்பனில் இருக்கும் படையாச்சி நமக்குச் சொந்தமா? எப்படித் தெரிந்துகொள்வது?

மணிமுத்தாற்றங்கரை கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். எங்களுக்கு விருத்தாசலம் பக்கத்துக் கிராமம். பெங்களூரில் வேலை பார்க்கும் என் மகன், வம்சாவளி போடும் தளம் ஒன்றில் எங்கள் குடும்பத்தை ஏற்றி வைத்தான். பூட்டன் வரைக்கும்தான் எங்களுக்குத் தெரியும். பழைய பத்திரத்தில் இருக்கிறபடியே பூட்டன் பெயரோடு படையாச்சி என்று சேர்த்துப் போட்டிருந்தான். அதைப் பார்த்துவிட்டுத் தென்னாப்பிரிக்காவிலிருந்து ஒரு அம்மா எழுதியிருக்கிறார். டர்பன் பக்கம் சாட்ஸ்வொர்த்தில் இருக்கிறாராம், ஓய்வு பெற்ற டீச்சர். அவர் குடும்பத்தில் எல்லோருக்கும் கடைசிப் பெயர் படையாச்சி. தமிழ் பேச வராது, ஆனால் வருஷம் தவறாமல் தைப்பூசத்துக்குக் காவடி எடுப்பார்களாம்.

அவருடைய கொள்ளுத்தாத்தா 1890 வாக்கில் சென்னையில் கப்பலேறி, டர்பன் இருக்கும் நேட்டால் பகுதிக் கரும்புத் தோட்டத்துக்குப் போனவர். அந்தக் கப்பல் பதிவேட்டின் பக்கத்தைப் படம் பிடித்து அனுப்பியிருக்கிறார். ஜில்லா தென்னாற்காடு என்று தெளிவாக இருக்கிறது. தாலுகா 'விர்தாசெல்லம்' என்பது மாதிரி எழுதியிருக்கிறது, அது நம்ம விருத்தாசலம்தான், சந்தேகமில்லை. வயது 22, இடது முழங்காலுக்குக் கீழே தழும்பு என்றுகூட இருக்கிறது. ஊர்ப் பெயர்தான் படிக்க முடியவில்லை, 'குப்பம்' என்று முடிகிறது. குப்பம் என்று முடியும் ஊர் நம் பக்கம் எத்தனை என்று உங்களுக்கே தெரியும்.

எங்கள் ஆயா சொன்ன கதை ஒன்று உண்டு. பூட்டனுடைய தம்பி ஒருத்தர் வீட்டில் சண்டை போட்டுக்கொண்டு "மோரீசுக்குப் போயிட்டாரு" என்பார்கள். மோரீசு என்றால் மொரீஷியஸ், இது நேட்டால்; ஆனாலும் அவராக இருக்குமோ என்று எனக்கும் ஆசைதான். அந்த அம்மா தை மாதம் வருகிறேன் என்கிறார். வீட்டுக்காரி, வரட்டும், சோறு போட்டு அனுப்புவோம் என்கிறாள். தம்பி மட்டும், நிலத்தில் பங்கு கேட்டு வருவார்களோ என்று இழுக்கிறான். வருவதற்குள் உண்மையிலேயே சொந்தமா என்று பார்த்துவிட வழி உண்டா?

செம்மண்காடு:

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன் அண்ணா, கோபிக்கக் கூடாது. படையாச்சி என்பது சாதிக்குள் பெயரோடு சேர்த்துப் போடும் பட்டம். கடலூர், சிதம்பரம், விருத்தாசலம், அரியலூர் என்று ஊர் ஊராக அந்தப் பட்டம் இருக்கிறது. பட்டம் ஒன்றாக இருந்தால் பங்காளி என்றால் என் மாமனார் எனக்குப் பங்காளி ஆகிவிடுவார், அவரும் படையாச்சிதான், நானும் படையாச்சிதான். ஒரே பட்டத்துக்குள்தானே பெண் கொடுத்து எடுக்கிறோம்? ஆகையால் அதை வைத்துக்கொண்டு ஒன்றும் சொல்ல முடியாது.

அங்கே போனவர்களுக்கு அது குடும்பப் பெயராக மாறிய கதையும் நேராக இல்லை. கப்பலேறும்போது ஆளுக்கு ஒரே பெயர்தான், பக்கத்தில் தகப்பன் பெயர், சாதி. அப்புறம் அங்கே கல்யாணப் பதிவு, பள்ளிக்கூடம் என்று வந்தபோது கடைசிப் பெயர் ஒன்று தேவைப்பட்டது. சிலர் பட்டத்தைப் போட்டார்கள். இன்றைக்கு அங்கே நாயுடு, பிள்ளை, கவுண்டர், முதலி, செட்டி, நாயக்கர் எல்லாம் ஆங்கில எழுத்தில் ஆளுக்கு ஒரு விதமாகத் திரிந்து கிடப்பது அப்படித்தான். சிலருக்குத் தகப்பன் பெயரே குடும்பப் பெயர் ஆகிவிட்டது, முனுசாமி, பெருமாள் என்று. கூடப் பிறந்த அண்ணன் தம்பி ரெண்டு பேருக்கு ரெண்டு குடும்பப் பெயர் இருக்கிற வீடும் அங்கே உண்டு. அதனால் உங்களுக்கு உண்மையான பங்காளி அங்கே வேறு பெயரில் இருந்தாலும் இருப்பார்.

குலதெய்வம் என்ன என்று கேளுங்கள். பங்காளிக்குப் பங்காளி தெய்வம் மாறாது. பட்டத்தை விட அது கெட்டியான சாட்சி.

கரும்புக்காடு_டர்பன்:

வணக்கம். நான் வேலைக்காக டர்பன் வந்தவன், இங்கே சில குடும்பங்களுக்கு இந்த மாதிரி தேடிக் கொடுத்திருக்கிறேன். செம்மண்காடு சொல்வது சரி, இன்னும் கொஞ்சம் சேர்க்கிறேன்.

1860 நவம்பர் 16 அன்று, ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிய முதல் கப்பலான ட்ரூரோ சென்னையிலிருந்து இங்கே வந்து சேர்ந்தது. அதிலிருந்து 1911 வரை, நடுவில் சில வருஷம் நின்றாலும், மொத்தம் 1,52,000 பேருக்கு மேல் வந்திருக்கிறார்கள். அவர்களில் மூன்றில் இரண்டு பங்கு சென்னை வழியாக வந்தவர்கள். ஒவ்வொருவருக்கும் ஓர் எண் கொடுத்தார்கள். அந்த எண்தான் சாவி. பெயரைப் போட்டுத் தேடினால் ஆயிரம் முனுசாமி வருவார்கள், எண்ணைப் போட்டுத் தேடினால் ஓர் ஆள்தான் வருவார். கல்யாணம், பிள்ளைகளின் பிறப்பு, சாவு என்று பின்னால் வந்த காகிதங்களிலும் அதே எண் தொடர்ந்து வரும். அந்த அம்மாவிடம் முதலில் அதைக் கேளுங்கள், தன் கொள்ளுத்தாத்தாவின் சாவுக் குறிப்பிலோ கல்யாணச் சான்றிலோ இதே எண் இருக்கிறதா என்று. ரெண்டும் ஒத்துப் போனால்தான் அந்தப் பதிவேட்டுப் பக்கம் அவர் குடும்பத்துடையது என்று எடுத்துக்கொள்ளலாம். பெயர் ஒத்துப் போகிறதே என்று யாரோ ஒருத்தர் பக்கத்தைத் தன் தாத்தா என்று எடுத்து வைத்திருக்கிறவர்கள் இங்கே நிறைய.

அப்புறம் ஊர்ப் பெயர். ஒரு வழி இருக்கிறது. அவருடைய எண்ணுக்கு முன்னால் பத்து, பின்னால் பத்து எண்களை எடுத்துப் பாருங்கள். ஒரே ஊரிலிருந்து கூட்டமாகக் கிளம்பியவர்களை அடுத்தடுத்துப் பதிந்திருப்பார்கள். ஒருத்தருக்குக் கிறுக்கலாக எழுதிய ஊரை அடுத்தவருக்குத் தெளிவாக எழுதியிருக்க வாய்ப்பு அதிகம். கூட வந்தவர்களில் அண்ணன் தம்பி, மாமன் மச்சான் இருந்தாலும் அதிலேயே தெரியும். பதிவேட்டின் பட்டியலை குவாசூலு-நேட்டால் பல்கலைக்கழகத்தின் காந்தி-லுதுலி ஆவண மையத்தில் பார்க்கலாம், மூலப் பதிவேடு டர்பன் ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. சொத்துக் கோப்பு, உயில் மாதிரியான பின்னாள் காகிதங்களுக்கு தென்னாப்பிரிக்க தேசிய ஆவணக் காப்பகத்தின் தேடல் தளம் இருக்கிறது, காசு இல்லை, கோப்பு எண் கிடைக்கும்.

தகப்பன் பெயர் என்று ஒரு கட்டம் இருக்குமே, அதை நீங்கள் சொல்லவே இல்லையே? எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது.

மணிமுத்தாற்றங்கரை:

தகப்பன் பெயர் இருக்கிறது சார். எங்கள் பூட்டனின் தகப்பனார் பெயர் என்ன என்று எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியவில்லை, அதுதான் சிக்கல். ஆயா இருந்தவரை ஒருத்தரும் கேட்டு வைக்கவில்லை.

ஓய்வு_கிராம_நிர்வாகி:

அதற்கு வழி இருக்கிறது ஐயா. உங்கள் பூட்டன் ஏதாவது நிலம் வாங்கியோ விற்றோ அடமானம் வைத்தோ இருந்தால், அந்தப் பத்திரத்தில் 'இன்னார் குமாரர் இன்னார்' என்று முதல் வரியிலேயே வரும். அந்தக் காலத்துப் பத்திரமே பாதி வம்சாவளிதான். வீட்டில் தகரப் பெட்டியைத் தேடுங்கள், மஞ்சள் துணியில் கட்டி வைத்திருப்பார்கள். இல்லையென்றால் சார்பதிவாளர் அலுவலகத்தில் பழைய வருஷத்துக்கு மனுப் போட்டுத் தேடச் சொல்லலாம். இணையத்தில் எடுக்கும் வில்லங்கச் சான்று அவ்வளவு பின்னால் போகாது, ஆள் உட்கார்ந்து புத்தகத்தைப் புரட்ட வேண்டும், பொறுமை வேண்டும். பாகப்பிரிவினைப் பத்திரம் கிடைத்தால் யோகம். வெளியூர் போய்த் தகவல் இல்லாத பங்குதாரர் என்று கப்பலேறினவரைப் பற்றி ஒரு வரி இருந்தாலும் இருக்கும்.

கிராமத்துக் கணக்கு கிடைக்குமா என்று கேட்டால், கிராமத்து நில விவரம் எழுதிய அ பதிவேட்டில் பழைய பட்டாதாரர் பெயர் இருக்கும். 1980-ல், கிராமக் கணக்கும் வரியும் பார்த்த பரம்பரைக் கர்ணம், மணியக்காரர் பதவியை எடுத்தபோது பல ஊரில் பழைய ஏடுகள் அவர்கள் வீட்டுப் பரணிலேயே நின்றுவிட்டன. உங்கள் ஊர்க் கர்ணம் குடும்பம் இன்னும் அங்கே இருந்தால் ஒரு நடை போய் மரியாதையாகக் கேட்டுப் பாருங்கள்.

இன்னொன்று. அந்தக் காலத்து விருத்தாசலம் தாலுகா இப்போது இருப்பதை விடப் பெரிசு, திட்டக்குடி பக்கமெல்லாம் பிறகு பிரிந்தது. ஜில்லாவையே 1993-ல் கடலூர், விழுப்புரம் என்று பிரித்தார்கள். அதனால் இப்போதைய தாலுகா வரைபடத்தை மட்டும் வைத்துக்கொண்டு குப்பத்தைத் தேடாதீர்கள். நெய்வேலிச் சுரங்கத்துக்கு 1950-களின் நடுவிலிருந்து எடுத்துக்கொண்ட கிராமங்களும் கணக்கில் வர வேண்டும். ஊர் இருந்த இடம் இப்போது பெரிய பள்ளம், சனங்கள் வேறு வேறு இடத்தில் குடியேறிவிட்டார்கள். அந்த அம்மாவின் குப்பம் அப்படி ஒன்றாக இருந்தால் இன்றைக்கு எந்த வரைபடத்திலும் அகப்படாது, சென்னை எழும்பூரில் இருக்கும் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்துக்குத்தான் போக வேண்டும்.

தம்பிக்குச் சொல்லுங்கள், நாலு தலைமுறைக்கு முன் கப்பலேறியவரின் பேத்தி மகள் வந்து பட்டா மாறின நிலத்தில் பங்கு கேட்டு ஜெயிப்பதெல்லாம் நடக்கிற காரியம் இல்லை. அந்தப் பயத்தில் ஆளை வாசலில் நிறுத்தி வைக்காதீர்கள்.

பிச்சாவரம்_பையன்:

எச்சில் கொடுத்துப் பார்க்கும் டிஎன்ஏ சோதனை ஒன்று இருக்கிறதே, அதை ஏன் யாரும் சொல்லவில்லை? ரெண்டு பேரும் எடுத்தால் முடிந்தது.

கரும்புக்காடு_டர்பன்:

முடியாது தம்பி, அதிலும் விஷயம் இருக்கிறது. இவர்கள் நினைக்கிற மாதிரி அண்ணன் தம்பி வழி என்றால் இவரும் அந்த அம்மாவும் நாலாம் தலைமுறைப் பங்காளிகள் கணக்கில் வருவார்கள். அவ்வளவு தூரத்தில் பெரும்பாலும் பொருத்தம் காட்டும், ஆனால் நிச்சயம் இல்லை. உண்மையான சொந்தமாக இருந்தும் ஒன்றும் காட்டாமல் போகலாம். எதிர்ப்பக்கம் இன்னும் மோசம். நம்மில் அக்கா மகள், மாமன் மகள் என்று தலைமுறை தலைமுறையாகக் கட்டிக்கொண்டே வந்திருக்கிறோம், அதனால் ரத்தம் பல வழியில் சுற்றிச் சுற்றி வரும். எங்கேயோ தூரத்தில் மட்டும் சொந்தமான ரெண்டு ஊர்க்காரர்களைக்கூட அந்த நிறுவனங்களின் கணக்கு கிட்டத்துச் சொந்தம் என்று காட்டிவிடும். அந்தக் கணக்கு ஐரோப்பியக் குடும்பங்களை மனசில் வைத்துப் போட்டது. காகிதம் ஒத்துப் போன பிறகு கூடுதல் சாட்சியாக வேண்டுமானால் எடுக்கலாம். எடுத்தால் வீட்டில் இருக்கிறதிலேயே வயதானவரிடம் எடுங்கள், ஒரு தலைமுறை கிட்டே வரும்.

நடவாளி:

என் அனுபவம் ஒன்று, சுருக்கமாக. என் நண்பரின் மொரீஷியஸ் சொந்தக்காரர் ஒருவர், ஊரைக் கண்டுபிடித்துத் தருகிறோம் என்ற ஓர் ஆளிடம் நல்ல தொகை கட்டினார். வந்தபோது ஏதோ ஒரு கிராமத்தில், ஏதோ ஒரு கிழவரை நிறுத்தி, இவர்தான் உங்கள் பெரியப்பா வழி என்று மாலை போட வைத்துவிட்டார்கள். அவரும் அழுதுகொண்டே துணிமணியெல்லாம் எடுத்துக் கொடுத்துவிட்டுப் போனார். ஆகையால் மணிமுத்தாற்றங்கரை அண்ணா, நீங்களும் ஆசைக்காக ஆமாம் ஆமாம் என்று சொல்லிவிடாதீர்கள். அவ்வளவு தூரம் வருகிறவருக்குச் செய்கிற பெரிய துரோகம் அதுதான்.

மணிமுத்தாற்றங்கரை:

எல்லோருக்கும் நன்றி. நடவாளி சொன்னது மனசில் பட்டது, அதற்காகத்தானே இங்கே வந்து கேட்டேன்.

அந்த அம்மாவிடம் பேசினேன், வீடியோவில். எண் ஒத்துப் போகிறது, அவர் தாத்தாவின் கல்யாணக் காகிதத்தில் தகப்பன் பெயருக்குப் பக்கத்தில் அதே எண் இருக்கிறது. குலதெய்வம் என்றதும் முழித்தார், மாரியம்மன் என்றார், ஆடியில் கூழ் ஊற்றுவோம் என்றார், அது எல்லோரும் செய்வதுதான். அப்புறம் குடும்பப் பெயர்களை வரிசையாகப் படித்துக்கொண்டே வந்தவர், தாத்தாவின் தம்பி பெயரை 'கொலாஞ்சி' என்றார். இந்தப் பெயருக்கு என்ன அர்த்தம், இங்கே யாருக்கும் தெரியவில்லை என்று கேட்கிறார். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. என் சித்தப்பா பெயரே கொளஞ்சிதான்.

செம்மண்காடு:

அடடா! விருத்தாசலத்துக்குப் பக்கம் மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோயிலில் பிராது கட்டுகிற, அதாவது சாமியிடம் குறையை எழுதிக் கட்டுகிற, சனம் வைக்கிற பெயர் அது. மதுரைப் பக்கமோ வேலூர்ப் பக்கமோ போய்க் கொளஞ்சி என்று கூப்பிட்டால் ஒருத்தர் திரும்ப மாட்டார். தாலுகா பெயர் ஆளெடுக்கும் தரகர் எழுதி வைத்ததாக இருக்கலாம், இந்தப் பெயர் அவராகப் பிள்ளைக்கு வைத்தது. விருத்தாசலத்து ஆள்தான், சந்தேகமே வேண்டாம். ஆனாலும் உங்கள் பங்காளி என்று இன்னும் ஆகவில்லை, எங்கள் தெருவிலேயே மூணு கொளஞ்சி.

அந்த அம்மாவிடம், மாரியம்மனைத் தவிர வீட்டுக்குள் தனியாக வருஷத்துக்கு ஒரு தரம் யாருக்காவது படையல் போடுகிறார்களா, பேர் தெரியாமலாவது, கல்லோ செங்கலோ நட்டுக் கும்பிடுகிறார்களா என்று கேளுங்கள். வீரனாருக்கா, அய்யனாருக்கா, பச்சைவாழியம்மனுக்கா, சேவல் அறுப்பார்களா, ஆடா, சைவப் படையலா என்று கேளுங்கள். தெய்வத்தின் பெயர் மறந்தாலும் படையல் முறை மறக்காது.

மணிமுத்தாற்றங்கரை:

கேட்கிறேன். சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுக் கொடுத்தாயிற்று, புத்தகம் வேறு அலுவலகத்துக்கு மாறிவிட்டதாம், அடுத்த வாரம் வரச் சொல்லியிருக்கிறார்கள். பூட்டனின் தகப்பனார் பெயர் கிடைத்தால் இங்கேயே போடுகிறேன். சொந்தம் என்றானாலும் இல்லையென்றானாலும் தையில் வரச் சொல்லிவிட்டோம், கொளஞ்சியப்பர் கோயிலுக்குக் கூட்டிப் போவதாக வீட்டுக்காரி வாக்குக் கொடுத்துவிட்டாள்.

கரும்புக்காடு_டர்பன்:

நல்லது. பக்கத்து எண்களை நான் இங்கேயே பார்த்துத் தருகிறேன். எண்ணைத் தனிச் செய்தியில் அனுப்புங்கள், பொதுவில் போட வேண்டாம். அந்த அம்மாவிடமும் கேட்டுக்கொண்டு அனுப்புங்கள்.