‘ங்க’ போட்டு வாரிய கதைகள்

கோவையில் வேலை பார்க்கும் தூத்துக்குடிக்காரர்

எங்க ஊரில் கிண்டல் பண்ணினால் நாலு தெருவுக்குக் கேட்கும். “ஏலே” என்று ஆரம்பிக்கும்போதே நாமும் தயாராகிவிடலாம். கோவை அப்படியில்லை.

வந்த புதிது. காந்திபுரம் தாண்டியதும் பைக்கில் பெட்ரோல் தீர்ந்துவிட்டது. மே மாத வெயிலில் தள்ளிக்கொண்டு போகிறேன். ஒரு பேக்கரி வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்த பெரியவர் கூப்பிட்டார்.

“ஏனுங்க தம்பி, வண்டிய நடக்கப் பழக்குறீங்களா?”

அவ்வளவு மரியாதையாகக் கேட்டதால் நானும் பொறுப்பாகப் பதில் சொன்னேன். “இல்லைங்க, பெட்ரோல் தீந்துருச்சு.”

“அப்படீங்களா. நான்கூட வண்டிக்குச் சக்கரை வந்துருச்சாட்ட இருக்குது, டாக்டரு நடக்கச் சொல்லிட்டாருன்னு நெனச்சேனுங்க.”

முகத்தில் ஒரு சுருக்கம்கூட மாறவில்லை. பக்கத்தில் பப்ஸ் தின்றுகொண்டிருந்த ரெண்டு பேருக்குத்தான் புரை ஏறியது. பிறகு அவரே எழுந்து, தன் மொபெட்டிலிருந்து அரை பாட்டில் பெட்ரோல் பிடித்துக் கொடுத்தார். “பங்க் வரைக்கும் ஓட்டிக்கிட்டுப் போங்க. அதுக்கு மேல அதுவே நடந்துக்குமுங்க.”

ரூமில் சொன்னேன். பொள்ளாச்சி நண்பன், “அதுதான்டா குசும்பு. ‘ங்க’ கூடக்கூட உஷாரா இருந்துக்க” என்றான். உங்களை யாராவது இப்படி வாரியிருக்கிறார்களா?

மதுரைப் பக்கம் மருமகளாகப் போன சென்னைக்காரி

கல்யாணமாகி முதல் பொங்கலுக்கு ஊருக்குப் போனேன். தெருத் திண்ணையில் எண்பது வயசு இருக்கும் ஒரு அப்பத்தா. காதில் பாம்படம். என்னைப் பார்த்ததும், “ஏன்டி, எம்புருசனக் கொத்திக்கிட்டுப் போனவ நீதானா?” என்றார். எனக்குப் பகீரென்றது. மாமியார் முந்தானையால் வாயைப் பொத்திச் சிரிக்கிறார். பேரனைப் புருஷன் என்று சொந்தம் கொண்டாடுவது அங்கே கிழவிகளின் பிறப்புரிமையாம்!

பதில் கண்டுபிடிக்க மூன்று நாள் ஆனது. கிளம்புகிற அன்று திண்ணையில் போய் உட்கார்ந்து, “அப்பத்தா, ஒங்க புருசன நீங்களே வச்சுக்கங்க. தொவச்சுப் போட்டு மாளல. குறட்டை வேற” என்றேன். பாம்படம் ஆட ஆடச் சிரித்தவர், “பொழச்சுக்குவடி” என்று கையில் ஒரு இருபது ரூபாயைத் திணித்தார்.

இன்னொன்றும் அந்தப் பயணத்தில்தான் புரிந்தது. கொழுந்தன்மார் என்னை விடாமல் ஓட்டினார்கள். ஒருத்தர் மட்டும் என்னிடம் வாயே திறக்கவில்லை. கோபமோ என்று நினைத்தேன். அவர் என் வீட்டுக்காரருக்கு மாமன் மகன், மச்சான். எனக்கு அண்ணன் முறை. அதனால் என்னைக் கேலி பேச அவருக்கு முறையில்லை. அந்தப் பாக்கியையும் சேர்த்து என் வீட்டுக்காரரைத்தான் வாரிக்கொண்டிருந்தார்.

யாழ்ப்பாணத்திலிருந்து

நாங்கள் இதைப் பகிடி எண்டுதான் சொல்லுவம். மூண்டு நாள் கழிச்சாவது திருப்பிச் சொல்ல உங்களுக்கு வாய் இருந்ததுதானே தங்கச்சி, அதுதான் பகிடி.

நான் கம்பஸ் போன முதல் கிழமை சீனியர்மார் சுத்தி நிண்டு என்ர நடையைப் பழிச்சினம். எனக்குச் சின்ன வயதிலயிருந்தே ஒரு கால் கொஞ்சம் இழுக்கும். ஒரு பகிடி திருப்பிச் சொன்னன். “ஜூனியர் வாய் காட்டுறியோ?” எண்டு ஒரு மணித்தியாலம் வெயிலில நிக்க வைச்சவை. அதுக்குப் பேர் பகிடிவதை. இலங்கையில 1998இல, தமிழ்நாட்டில அதுக்கு முதல் வருசம், தனிச் சட்டமே போட்டுத் தடுத்தவை. பெயரில பகிடி எண்ட சொல்லைச் சேர்த்ததுதான் எனக்கு இண்டைக்கும் பிடிக்கேல்ல.

மறுபடியும் தூத்துக்குடிக்காரர்

அண்ணே, அந்த வெயிலில் அவர்களையே நிற்க வைத்திருக்க வேண்டும்.

போன வாரம் அதே பேக்கரிப் பக்கம் போனேன். எதிரே அந்தப் பெரியவர், மொபெட்டைத் தள்ளிக்கொண்டு வருகிறார். விடுவேனா? ஒரு ‘ங்க’ அதிகமாகவே போட்டு ஆரம்பித்தேன்.

“ஏனுங்க ஐயா, வண்டிய வாக்கிங் கூட்டிட்டு வந்தீங்களாங்க?”

வண்டியை ஸ்டாண்டு போட்டுவிட்டு நிதானமாக என்னைப் பார்த்தார்.

“இல்லீங்க தம்பி. ஒருத்தருக்கு அரை பாட்டலு பெட்ரோலு கடன் கொடுத்தனுங்க. இன்னும் திரும்பி வரலீங்க.”