‘முன்கலை’ வேண்டாம், ‘முன்சான்று’ என்று வைப்போம்

நண்பர்களுக்கு வணக்கம்.

காப்புரிமைச் (பேட்டன்ட்) சட்டத்தில் ‘ப்ரையர் ஆர்ட்’ என்று ஒன்று வரும்: புதிது என்று உரிமை கேட்கப்படும் ஒன்று ஏற்கெனவே இருந்தது என்று காட்டும் ஆதாரம். அதற்குத் தமிழில் என்ன சொல் என்று நம் குழுவில் பேசிக்கொண்டிருக்கிறோம். நேற்று ஐயா எழுதியதிலிருந்தே தொடங்குகிறேன்.

> ‘ப்ரையர் ஆர்ட்’டுக்கு ‘முன்கலை’யே போதும். கலை என்றால் ஆடலும் பாடலும் மட்டுமா? ‘கலைச்சொல்’லில் இருப்பதும் அதே கலைதானே?

சொல்லாய்வில் ஐயா சொல்வது சரி. எந்தத் துறை அறிவுக்கும் கலை என்ற பெயர் நம்மிடம் உண்டு. காப்புரிமைச் சட்டத்தின் ‘ஆர்ட்’டும் கைத்திறன், தொழில்நுணுக்கம் என்ற பழைய பொருளில் வருவதுதான். ஆனால் இந்தச் சொல் யாரிடம் போய்ச் சேர வேண்டும் என்று பாருங்கள். காசநோயிலிருந்து மீண்ட சிலருக்காக, மருந்துக் காப்புரிமையில் பொதுமக்கள் எப்படித் தலையிடலாம் என்று ஒரு கையேடு எழுதிக்கொண்டிருக்கிறேன். போன வாரம் அவர்களோடு உட்கார்ந்து வரைவை வாசித்தேன். “முன்கலையைக் காட்டினால் விண்ணப்பம் தள்ளுபடியாகும்” என்ற வரி வந்ததும் ஓர் அக்கா கையைக் காட்டி நிறுத்தினார். “ஆய கலை அறுபத்து நாலுல இது எது தம்பி?” உண்மையிலேயே புரியாமல் கேட்டார். அந்தச் சொல் வரைவில் பதினோரு இடத்தில் இருந்தது. வீட்டுக்கு வந்து பதினொன்றையும் அடித்தேன்.

அவருக்கு நான் சொன்ன விளக்கம் இதுதான்: ‘இது புதுசு’ என்று ஒருவர் உரிமை கேட்கிறார். ‘இது முன்னாடியே இருக்கு, இதோ பாருங்க’ என்று எடுத்து வைக்கிறோமே, அதுதான். விளக்கிக்கொண்டிருந்தபோதே என் வாயில் ‘சான்று’ வந்துவிட்டது. எனவே என் முன்மொழிவு: முன்சான்று.

> ‘முன்னறிவு’ இன்னும் எளிதல்லவா?

எளிதுதான் அம்மா. ஆனால் வானிலை முன்னறிவிப்பு அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. முன்னறிவு என்றால் வரப்போவதை அறிவது என்றே காதில் விழும். ‘முன்வழக்கு’ நீதிமன்றத்தில் ஏற்கெனவே நடந்த வழக்கு ஆகிவிடும். ‘முன்பயன்பாடு’ பாதியைத்தான் சொல்லும். யாரும் பயன்படுத்தாமல் ஏதோ ஓர் ஆய்விதழில் மட்டும் கிடந்தாலும் புதுமை போய்விடுமே.

முன்சான்றுக்கும் ஒரு குறை உண்டு, மறைக்கவில்லை. சாதிச் சான்று, வருமானச் சான்று என்று சொல்லிச் சொல்லி, சான்று என்றாலே தாசில்தார் கையெழுத்து நினைவுக்கு வருகிறது. ஆனாலும் ‘சான்று காட்டு’, ‘சான்று பகர்’ என்ற வழக்கு இன்னும் உயிரோடு இருக்கிறது. தாளில் எழுதியதும் சான்று, வாயால் சொல்வதும் சான்று. அந்த இரண்டாவது பொருள் நமக்கு மிகவும் தேவை.

மஞ்சள் வழக்கை எடுத்துக்கொள்ளுங்கள். புண்ணுக்கு மஞ்சள் போடுவதற்கு 1995இல் அமெரிக்காவில் காப்புரிமை கொடுத்தார்கள். நம் அறிவியல் தொழிலக ஆராய்ச்சி மன்றம் (சி.எஸ்.ஐ.ஆர்.) அதை எதிர்த்து, 1997இல் ரத்து செய்ய வைத்தது. நம் வீடுகளில் முழங்கால் சிராய்த்த பிள்ளைக்கு மஞ்சளைக் குழைத்து அப்பாத பாட்டி யார்? ஆனால் அன்றைய அமெரிக்கச் சட்டத்தில், வெளிநாட்டில் மக்கள் செய்துவருவது மட்டும் கணக்கில் வராது, அச்சில் வந்திருக்க வேண்டும். அதனால் பழைய சமஸ்கிருத நூலையும் 1953இல் இந்திய மருத்துவச் சங்க இதழில் வந்த ஒரு கட்டுரையையும் தேடி எடுத்து வைக்க வேண்டியிருந்தது. நம் சட்டம் இதில் பெருந்தன்மையானது. உள்ளூர்ச் சமூகத்திடமோ பழங்குடியினரிடமோ வாய்மொழியாக இருக்கும் அறிவையும் 25ஆம் பிரிவு எதிர்ப்புக்கான காரணமாக ஏற்கிறது. பாட்டியின் வாய்ச்சொல்லும் அடங்கும் சொல் நமக்கு வேண்டும். ‘முன்னாவணம்’ என்று ஒரு நண்பர் தந்தது அழகான சொல்தான், ஆனால் அது பாட்டியை வெளியே நிறுத்திவிடுகிறது.

அடுத்தது, நாம் இன்னும் சரியாகத் தொடாத இடம். நிலுவையில் இருக்கும் விண்ணப்பத்தைப் பொதுமக்கள் பார்த்துக் கருத்துச் சொல்வதற்கு என்ன பெயர்? ‘பொதுச் சீராய்வு’ என்றார் ஒருவர். சீராய்வு மனு தீர்ப்பு வந்த பிறகு போடுவது. இங்கே தீர்ப்பே வரவில்லை. ‘மக்கள் தணிக்கை’ என்றால் கணக்குப் புத்தகமோ திரைப்படமோ கண்முன் வருகிறது.

இங்கே இரண்டு வேறு செயல்கள் இருக்கின்றன, இரண்டுக்கும் ஒரே சொல் போட்டால் கையேடு படிப்பவர் ஏமாந்துபோவார்.

ஒன்று இந்திய முறை. விண்ணப்பம் பொதுவாக 18 மாதத்தில் வெளியிடப்படும். காப்புரிமை வழங்கப்படும்வரை எவரும் எதிர்க்கலாம். தன்னையும் நேரில் விசாரிக்கும்படி கேட்கலாம். (வழங்கிய பிறகு ஓராண்டுக்குள் எதிர்ப்பதும் உண்டு, ஆனால் அது அதில் நலன் உள்ளவர்களுக்கு மட்டும்.) ‘எவரும்’ என்ற ஒரு சொல்லின் வலிமையைப் பாருங்கள். ரத்தப் புற்றுநோய்க்கான க்ளிவெக் மருந்துக்கு நோவார்ட்டிஸ் நிறுவனம் கேட்ட காப்புரிமையைச் சென்னைக் காப்புரிமை அலுவலகம் 2006 ஜனவரியில் மறுத்தது. எதிர்த்தவர்களில் புற்றுநோயாளிகளுக்கு உதவும் ஓர் அமைப்பும் இருந்தது. உச்ச நீதிமன்றம் வரை போன வழக்கு 2013 ஏப்ரல் 1 அன்று அந்த மறுப்போடு முடிந்தது. பெடாக்குயிலின் என்ற காசநோய் மருந்தின் வேதி உப்பு வடிவத்துக்கு ஜான்சன் அண்டு ஜான்சன் கேட்ட காப்புரிமையை 2019இல் எதிர்த்தவர்களில் இரண்டு பெண்கள்: மும்பையின் நந்திதா வெங்கடேசன், தென்னாப்பிரிக்காவின் ஃபுமேசா டிசிலே. காசநோய்ச் சிகிச்சையின் பக்கவிளைவால் இருவருமே செவித்திறனை இழந்தவர்கள். 2023 மார்ச்சில் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. இதைப் படித்துக் காட்டியபோது அந்த அக்கா மறுபடி நிறுத்தினார், இந்த முறை இன்னொரு தடவை வாசிக்கச் சொல்வதற்காக.

இதற்குப் பெயர் புதிதாகத் தேட வேண்டியதே இல்லை. சார்பதிவாளர் அலுவலகத்தில், ‘இந்தச் சொத்தை இவர் பெயருக்குப் பதியாதீர்கள்’ என்று கொடுக்கிறோமே, தடைமனு. பத்திரம் பதியும் முன் கொடுப்பது அது, காப்புரிமை பதியும் முன் கொடுப்பது இது. ‘வழங்கல்முன் எதிர்ப்பு’ என்று எழுத்துக்கு எழுத்து பெயர்த்தால் யாருக்கும் ஒன்றும் தோன்றாது. தடைமனு என்றால் எந்தக் கிராமத்திலும் புரியும்.

மற்றொன்று அமெரிக்க, ஐரோப்பிய முறை. 2007 ஜூனில் அமெரிக்கக் காப்புரிமை அலுவலகமும் நியூயார்க் சட்டக் கல்லூரியும் சேர்ந்து ‘பியர் டு பேட்டன்ட்’ என்ற சோதனை முயற்சியைத் தொடங்கின. யோசனை பெத் நோவெக் என்ற சட்டப் பேராசிரியருடையது. விண்ணப்பதாரர் சம்மதித்த கணினித்துறை விண்ணப்பங்களை இணையத்தில் வைத்தார்கள். நிரலர்கள் (மென்பொருள் எழுதுபவர்கள்) தங்களுக்குத் தெரிந்த பழைய மென்பொருளையும் கையேட்டையும் எடுத்துப் போட்டார்கள், ஒருவர் போட்டதை மற்றவர்கள் எடைபோட்டார்கள், தேறிய பத்து சான்றுகள்வரை, விண்ணப்பத்தைப் பரிசீலிக்கும் அலுவலக ஆய்வாளரின் மேசைக்குப் போயின. ஆய்வாளருக்கு ஒரு விண்ணப்பத்தோடு செலவிடக் கிடைப்பது சில மணி நேரம்தான். அந்தத் துறையிலேயே ஊறியவருக்கு ஐந்து நிமிடத்தில் நினைவுக்கு வருவது அவர் தேடலில் சிக்காமலே போகலாம். பிறகு 2011இல் வந்த சட்டம், யார் வேண்டுமானாலும் இப்படிச் சான்று அனுப்ப வழி செய்தது. 2012 செப்டம்பரில் அது நடைமுறைக்கு வந்தது. ஐரோப்பிய அலுவலகத்திலும் எவரும் கருத்து அனுப்பலாம், ஆனால் அனுப்பியவர் வழக்கில் ஒரு தரப்பு ஆகமாட்டார்.

இது தடைமனு ஆகாது. இங்கே சான்றை இட்டுவிட்டு ஒதுங்கிக்கொள்கிறோம், முடிவு ஆய்வாளருடையது. முறையிடுவது முறையீடு என்றால், சான்று இடுவது சான்றீடு. முன்சான்றை இடுவது முன்சான்றீடு. ஒரு வேரிலிருந்து இரண்டு சொல்லும் கிடைப்பதால்தான் முன்சான்றை இவ்வளவு பிடிவாதமாகக் கேட்கிறேன். முன்கலையை வைத்து இதைச் செய்ய முடியவில்லை, முயன்று பார்த்துவிட்டேன்.

புணர்ச்சி பற்றி யாராவது கேட்பதற்குள் சொல்லிவிடுகிறேன். முற்பகல், முற்பிறவி போல ‘முற்சான்று’ என்பதே இலக்கணம். ஆனால் இன்று எல்லோரும் முன்பதிவுதான் செய்கிறோம், முற்பதிவு யாரும் செய்வதில்லை. பேச்சில் உடையாமல் நிற்கும் வடிவத்தையே வைக்கலாம் என்பது என் கருத்து. இலங்கை நண்பர்கள் எப்படி எழுதுவார்கள் என்று சொன்னால் நல்லது. நாம் அறிவுசார் சொத்து என்பதை அங்கே புலமைச் சொத்து என்கிறார்கள், அது நம்முடையதைவிட நல்ல சொல். காப்புரிமையா, காப்புரிமமா என்ற பழைய சண்டையை மட்டும் இந்த இழையில் இழுக்க வேண்டாம்.

கையேட்டில் ஒரு சொல் இன்னும் காலியாகவே இருக்கிறது. புதுமை இருந்தாலும், அந்தத் துறையில் வேலை செய்யும் எவருக்கும் தானாகத் தோன்றக்கூடியது என்றால் காப்புரிமை கிடையாது. ‘வெளிப்படையானது’ என்று சிலர் எழுதுகிறார்கள், ஆனால் வெளிப்படை என்றால் ஒளிவுமறைவு இல்லாதது என்றாகிவிடுகிறது. ‘எளிதில் தோன்றுவது’ என்று தற்காலிகமாக எழுதி வைத்திருக்கிறேன். கொல்லர், தச்சர், நெசவாளர் குடும்பங்களிலிருந்து வந்தவர்கள் இங்கே பலர் உண்டு. ‘இதெல்லாம் ஒரு கண்டுபிடிப்பா, தொழில் தெரிஞ்சவன் எவனும் செய்வானே’ என்பதற்கு உங்கள் பட்டறையில் என்ன சொல் வழங்குகிறது?