மைக்ரோபயோம்: நோயாளி கையேட்டுக்கு ஒரு சொல் தேவை

குழுவினருக்கு வணக்கம்.

இரத்தப் புற்றுநோய்க்கு எலும்பு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை செய்துகொள்வோருக்கான கையேட்டைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். அதில் ஒரு பக்கம் முழுக்க மைக்ரோபயோம்தான், அதாவது குடலில் சேர்ந்து வாழும் நுண்ணுயிர்க் கூட்டம். நியூயார்க், டர்ஹாம், ரேகன்ஸ்பர்க், சப்போரோ நகர்களில் 1,362 நோயாளிகளின் மல மாதிரிகளை ஆராய்ந்து 2020இல் வெளியான முடிவைச் சொல்கிறார்கள்: சிகிச்சையின்போது குடல் பாக்டீரியாவின் வகைகள் குறைந்துபோகின்றன, அதிக வகைகள் மிஞ்சியிருந்தவர்களிடையே இறப்பு குறைவு. வெறுமனே 'நுண்ணுயிர்கள்' என்றால் போதவில்லை. எல்லாம் சேர்ந்து வாழும் அந்தக் கூட்டத்துக்கு ஒரு சொல் வேண்டும்.

— க.

அம்மா, சொல் நம்மிடமே இருக்கிறது: ஆயம். சங்கப் பாட்டில் தலைவியைச் சூழ்ந்திருக்கும் தோழியர் கூட்டம் ஆயம்; பசுக்கூட்டமும் ஆயம். கூடி வாழ்வது, ஒன்றையொன்று சார்ந்திருப்பது இரண்டும் அதில் அடங்கும். குடல் + ஆயம் = குடலாயம். நுண்ணுயிராயம் என்றும் சொல்லலாம். ஆ என்ற பசுவிலிருந்து ஆயம், ஆயர், ஆய்ச்சி என்று ஒரு குடும்பமே கிளைத்திருக்கிறது. ஆய்ச்சி உறை ஊற்றிய தயிருக்குள் வாழ்வதும் இதே நுண்ணுயிர்தானே! சொல்லும் பொருளும் எங்கே வந்து சேர்கின்றன பாருங்கள்.

— இரா.

இரா. ஐயா, ஆயத்துக்குச் சுங்கம் என்றும் பொருள் உண்டு. அதையும் பசுவிலிருந்தே வருவிப்பீர்களா? தோழியர் ஆயமும் பசு ஆயமும் ஒரே வேர் என்பதற்கே சான்று வேண்டும். ஜீனோமை மரபணுத்தொகுதி என்று பலரும் எழுதுகிறோம். அந்த வரிசையில் நுண்ணுயிர்த் தொகுதி. இல்லையென்றால் எட்டுத்தொகை போல நுண்ணுயிர்த்தொகை.

— வே.

எங்கள் பாடநூல்களில் நுண்ணங்கி, பற்றீரியா என்றுதான் இருக்கும். நுண்ணங்கித் தொகுதி என்றால் யாழ்ப்பாணத்துப் பிள்ளைக்கும் விளங்கும்.

— ந.

நான் புற்றுநோய் வார்டில் செவிலியர். 'தொகை' வேண்டவே வேண்டாம். மருத்துவமனையில் அந்தச் சொல்லைக் கண்டால் பில் என்றுதான் நினைப்பார்கள். 'நல்ல கிருமி' என்று யாராவது சொல்வதற்கு முன் அதையும் மறுத்துவிடுகிறேன். கிருமி அண்டக்கூடாது, கை கழுவுங்கள், வெளிச் சாப்பாடு வேண்டாம் என்று முதல் நாளிலிருந்து சொல்கிறோம். வெள்ளணு அடிமட்டத்துக்கு இறங்கியிருந்த ஒரு பையனுக்கு அவன் அம்மா தூக்குவாளியில் நீராகாரம் கொண்டுவந்தார், குடலுக்கு நல்லது என்று யாரோ சொன்னார்களாம். அந்த நிலையில் உயிருள்ள பாக்டீரியா இரத்தத்தில் கலந்தால் உயிருக்கே ஆபத்து. உயிருள்ள பாக்டீரியாவை அடைத்துக் கடையில் விற்கும் புரோபயாட்டிக் மாத்திரையும் அப்படித்தான். 2019இல் அமெரிக்காவில் மஜ்ஜை மாற்று செய்துகொண்ட ஒருவர், ஆய்வுக்காகக் கொடுத்த மல கேப்சூலில் (இன்னொருவர் மலத்திலிருந்து எடுத்த குடல் பாக்டீரியாவை அடைத்தது) இருந்த, மருந்துக்கு அடங்காத ஈ. கோலை பாக்டீரியாவால் இறந்தே போனார். அழகான சொல்லைவிட, தப்பாகப் படிக்க முடியாத சொல்லே எனக்கு முக்கியம்.

— ச.

ச. சொல்வதை வழிமொழிகிறேன். நான் மருத்துவர். 2022இல் நியூயார்க், பிலடெல்பியா நோயாளிகளிடம் இன்னொரு ஆய்வு வந்தது. கார்-டி செல் (புற்றுநோயைத் தாக்கும்படி மாற்றியமைத்த நோயெதிர்ப்பு செல்) ஏற்றுவதற்கு முந்தைய நான்கு வாரங்களில் பைபராசிலின்-டாசோபாக்டம், இமிபெனம், மெரோபெனம் ஆகிய நுண்ணுயிர்க்கொல்லிகளில் (ஆன்டிபயாட்டிக்) ஒன்றைப் பெற்றவர்களிடையே உயிர்வாழ்வு குறைவு, நரம்புப் பாதிப்பு அதிகம். மருந்துதான் காரணம் என்று இதை வைத்துச் சொல்லிவிட முடியாது. நோய் முற்றியவர்களுக்குத்தானே அந்த மருந்துகள் அதிகம் தேவைப்படும்? இருந்தாலும் நுண்ணுயிர்க்கொல்லி, நுண்ணுயிர்த் தொகுதி என்று இரண்டும் ஒரே வாக்கியத்தில் நின்றால், எது எதைப் பாதிக்கலாம் என்று விளக்காமலே புரிந்துவிடும். குடலாயம் என்றால் அந்தத் தொடர்பு அறுந்துவிடுகிறது. க., பக்கத்தின் கடைசியில் ஒரு வரி கட்டாயம் சேருங்கள்: காய்ச்சல் வந்தால் உடனே வார்டுக்குச் சொல்ல வேண்டும், கொடுக்கும் நுண்ணுயிர்க்கொல்லியை மறுக்கக்கூடாது.

— ம.

ச., ம. இருவரும் சொல்வதை மறுக்கவில்லை. ஆனால் நோயாளிக்குப் புரிய வேண்டும் என்று சொல்லிச் சொல்லியே புதுச்சொல் ஒன்றைக்கூட நடக்க விடமாட்டோம் போலிருக்கிறது. 'பேருந்து' முதலில் யாருக்குப் புரிந்தது?

— இரா.

பேருந்து புரியாதவர் நடந்து போயிருப்பார், ஐயா. இங்கே அப்படி விட முடியாதே.

— ச.

எல்லோருக்கும் நன்றி. 'குடல் நுண்ணுயிர்த் தொகுதி' என்று போடுகிறேன். முதல் முறை வரும் இடத்தில் 'குடலில் சேர்ந்து வாழும் பலவகை நுண்ணுயிர்கள்' என்ற விளக்கமும் இருக்கும். ம. சொன்ன வரியைத் தடித்த எழுத்தில் சேர்த்துவிட்டேன். ந., இலங்கைப் பதிப்பு வந்தால் நுண்ணங்கி என்றே மாற்றச் சொல்கிறேன்.

— க.

வெள்ளிக்கிழமைக்காக ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தொகுதி என்பது குவித்து வைத்தது. கூடி வாழ்வது அதில் இல்லை. அந்த ஆய்வே வகைகள் சேர்ந்திருப்பதைப் பற்றியதுதானே? என் பட்டியலில் நுண்ணுயிராயம் இருக்கும். மறுபதிப்பின்போது மீண்டும் எழுதுவேன். அப்புறம், நுண்ணுயிர்த்தொகுதி என்று சேர்த்தே எழுதுங்கள்.

— இரா.