சடங்கே ஆட்ட விதியாக வரும் கேம்கள் தெரியுமா?

நண்பர்களே, ஒரு சின்ன உதவி. வீடியோ கேம்களில் மதக் குறியீடுகள் பற்றிக் கட்டுரை ஒன்று எழுதுகிறேன். ‘பிளாஸ்ஃபமஸ்’ (2019) ஆடியவர்கள் யாராவது இருக்கிறீர்களா? ஸ்பெயினின் செவில் நகரத்தில் உருவான கேம், அந்த ஊர்ப் புனித வார ஊர்வலத்தில் தவம் செய்பவர்கள் போடும் கூம்புத் தொப்பியைத்தான் நாயகன் இரும்புக் கவசமாக மாட்டிக்கொண்டு திரிகிறான், முதல் பாஸை (கட்டத்தின் முடிவில் வரும் பெரிய எதிரியை) கொன்றதும் அந்தக் கவசத்தில் ரத்தத்தை நிரப்பி அப்படியே தலையில் கவிழ்த்துக்கொள்வான் பாருங்கள், அப்பப்பா!

ஆனால் எனக்குப் பிடித்தது வேறு. செத்தால் அந்த இடத்தில் குற்ற உணர்வு ஒரு துண்டாகக் கிடக்கும், போய் எடுக்காதவரை சக்தி குறைந்தே இருக்கும், இல்லையென்றால் பாவமன்னிப்புச் சிலைக்குக் காணிக்கை கட்டித் தீர்த்துக்கொள்ளலாம். மதம் இங்கே வெறும் பின்னணிப் படம் இல்லை, ஆடுகிற முறையே அதுதான்.

இந்த மாதிரி வேறு என்ன இருக்கிறது? புனேவில் செய்த ‘ராஜி’ (2020) பார்த்துவிட்டேன், அழகுதான், ஆனால் துர்க்கையும் விஷ்ணுவும் பெரும்பாலும் கதை சொல்வதோடும் ஆயுதம் கொடுப்பதோடும் சரி. பௌத்தம், இஸ்லாம், நாட்டார் தெய்வம் எதுவானாலும் சொல்லுங்கள், மொபைல் கேம் என்றாலும் பரவாயில்லை. எந்தக் கட்டத்தில் வருகிறது என்று ஒரு வரி சேர்த்தால் புண்ணியமாகப் போகும். ‘காட் ஆஃப் வார்’ மட்டும் வேண்டாம், அதைப் பற்றி எல்லாரும் எழுதித் தீர்த்துவிட்டார்கள்.